விழுந்தது ஓடும்போதா, நின்றபோதா?

வடசென்னை மணலியில் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் முதல் பழி கம்பெனிப் புகை மேல் விழும். மைதானத்தில் மயங்கினால் வெயில். இல்லையென்றால் "காலைல சாப்பிடாம வந்திருப்பான்". முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். பல நேரம் அது போதும். பிரேயரில் வெகுநேரம் நின்று தலைசுற்றி விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கம்தான். பந்தை விரட்டும்போதே சுருண்டு விழுந்தால் கதை வேறு. பி.டி. சார் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். ஈசிஜி, எக்கோ பார்த்து டாக்டர் சரி சொல்லும்வரை அந்தப் பிள்ளையைக் களத்தில் இறக்கக் கூடாது.

2003 ஜூன் 26. பிரான்சின் லியோன் நகரில், ஆட்டத்தின் நடுவே, யாரும் மோதாமலேயே விழுந்து இறந்தார் கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ. வயது 28. இதயத் தசை தடித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இந்தத் தடிப்பு பரம்பரையாக வரக்கூடியது. அதனால் "மாமா தூக்கத்திலேயே போயிட்டாரு" என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவர் "இதயத்துல ஒரு சத்தம் கேக்குது" என்றால், "ஓட்டையா டாக்டர்?" என்று அம்மாக்கள் அழுதுவிடுகிறார்கள். ரத்தம் பாயும் ஓசை அது; காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் உரக்கக் கேட்கும். பிள்ளைகளிடம் பெரும்பாலும் தீங்கில்லாதது. டாக்டர் அப்படி உறுதி செய்த பிறகும் ஓட்டப்பந்தயத்தில் பெயரை அடிப்பது அநியாயம். எழுதி வாங்கிப் பள்ளியில் காட்டுங்கள். பால் குடிக்கையில் வியர்ப்பது, எடை ஏறாதது, உதடு நீலமாவது, இவற்றோடு சத்தமும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தொண்டை வலி வந்துபோன சில வாரத்தில் மூட்டு மாறி மூட்டு வீங்கினாலும் அப்படித்தான். அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்தால் இதய வால்வைக் கெடுத்துவிடக்கூடும். சத்தமே தராத இதய நோயும் உண்டு என்பதால், ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஓடும்போது வந்த மயக்கத்தை விட்டுவிட முடியாது.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனையும் மேல் சிகிச்சையும் இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள். பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டான்லி மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

விழுந்த பிள்ளை கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருவர் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். சோடாவுக்கு ஓடுகிறவர் 108-க்குப் போன் போடட்டும்.