டேர்போ பூட்டும் முன் எஞ்சினின் உள்ளே பாருங்கள்



எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கார் மீது பெரிய ஆசை. பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் பழைய கார் ஒன்றை வாங்கி, அதற்கு டேர்போ பூட்ட நினைக்கிறார்கள். பெற்றோர் ஒரேயடியாக "வேண்டாம்" என்று சொல்வதைவிட, விடயத்தை விளங்கிக்கொண்டு அவர்களுடன் கதைப்பது நல்லது.

டேர்போ, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி. வெளிக்காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.7 இறாத்தல். டேர்போ மேலும் 7 இறாத்தல் கொடுத்து, அந்தக் காற்று நன்கு குளிர்த்தப்பட்டால், உள்ளே போகும் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அதற்கேற்பப் பெற்றோலும் கூடும். அந்தச் சுமையைத் தாங்குபவை பிஸ்டனும், அதைக் கிராங்குடன் இணைக்கும் றொட்டும்.

தயாரிப்பாளர்களே இரண்டு வகை எஞ்சினையும் வேறுவேறாகத்தான் செய்கிறார்கள். 1993இல் வந்த ரொயோட்டா சுப்றாவின் 3 லீற்றர் எஞ்சினைப் பாருங்கள். டேர்போ இல்லாததில் அமுக்க விகிதம் 10:1. டேர்போ உள்ளதில் 8.5:1. அதோடு பிஸ்டனின் அடியில் ஒயில் பீச்சிக் குளிர்த்தும் ஏற்பாடும் உண்டு.

சாதாரண கார்கள் பலவற்றில் இருப்பது வார்ப்புப் பிஸ்டன். அது கடினமானது, ஆனால் அடி விழுந்தால் வெடிக்கும். அமுக்கி அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் கூடத் தாங்கும். அதில் 4032 என்ற அலுமினியக் கலவையில் சுமார் 12 வீதம் சிலிக்கன் உண்டு. சூட்டில் விரிவது குறைவு, தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது. 2618 கலவை கடும் சுமையைத் தாங்கும். ஆனால் கூட விரிவதால் சிலிண்டரில் கூடிய இடைவெளி விடவேண்டும். குளிரில் எஞ்சினை இயக்கும்போது தட்டும் சத்தம் கேட்கும்.

றொட்டுக்கு 4340 உருக்கு நல்ல தெரிவு. அதன் போல்ற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 7000இலிருந்து 8000 ஆனால், றொட்டை இழுக்கும் விசை சுமார் 30 வீதம் கூடும். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த போல்ற்றுகள்தான்.

பலமான பாகம் பிழையான ரியூனிங்கை மன்னிக்காது. பெற்றோல் குறைந்தாலோ, தீப்பொறி முந்தினாலோ, நேரந்தவறிய வெடிப்பு ஃபோர்ஜ்ட் பிஸ்டனையும் உடைக்கும்.

ஒரு கணக்காளனாக நான் சொல்வது இதுதான். முதல் பாகத்தை வாங்கும் முன் முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள்: எஞ்சின் பரிசோதனை, பாகங்கள், சிலிண்டர் கடைதல், காஸ்கெற், ரியூனிங், பிறேக், காப்புறுதி. காசு போதாவிட்டால் டேர்போவின் அமுக்கத்தைக் குறையுங்கள், அல்லது பொறுத்திருங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டாயம் அறிவியுங்கள். மறைத்தால், விபத்து நடந்தபின் இழப்பீடு மறுக்கப்படலாம். அப்போது அந்தக் கடன் முழுக் குடும்பத்தின் தலையிலும் விழும்.