பாஸ்புக் வரிகளும் காலக்கெடுகளும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பணம் வந்துவிட்டது என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்த சந்தோஷம் சிலருக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. வந்த பணத்தில் பிடித்தம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் சேவைக் கட்டணம், பழைய பாக்கி என்று பதில். புகார்கள் குவிந்ததும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார்: உரிமைத் தொகையை வங்கிகள் வேறு எதற்கும் ஈடுகட்டக் கூடாது, மீறினால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அரசு தலையிட்டதால் அந்த விவகாரம் வெளியே வந்தது. ஆனால் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போடுவதற்கு அதற்கு முன்பிருந்தே விதிகள் உண்டு. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கேற்பத்தான் அபராதம். அபராதம் போட்டுப் போட்டே கணக்கை மைனஸில் தள்ளக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு கிளையில் போய் "எப்போது எனக்குத் தகவல் அனுப்பினீர்கள்?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

பாரத ஸ்டேட் வங்கி 2020-லும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. அப்படி எடுக்காத வங்கியில் கணக்கு இருந்தாலும் வழி உண்டு. 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்ற ஒன்றை எல்லா வங்கிகளும் தந்தாக வேண்டும். இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. ஏ.டி.எம். கார்டு இலவசம், மாதத்துக்கு குறைந்தது 4 முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். சம்பளமோ பென்ஷனோ இல்லாமல் அரசு உதவித்தொகைக்காக மட்டும் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு இதுவே போதும். கவுன்டரில் உள்ளவர் தானாக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் பாஸ்புக் என்பது ரேஷன் கார்டோடும் எல்.ஐ.சி. பத்திரத்தோடும் பீரோவில் தூங்குகிற பொருள். வருடத்துக்கு ஒருமுறை பதிவு இயந்திரத்தில் விட்டு எடுத்தால், கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நடுவில் இருக்கிற சுருக்கெழுத்துகள் யாருக்குப் புரிகின்றன? 'சி.எல்.ஜி.' என்றால் காசோலை வழியாக நடந்தது. 'டபிள்யூ.டி.எல்.' என்றால் எடுத்த பணம். 'நாச்' அல்லது 'ஏ.சி.எச். டெபிட்' என்றால் தவணைக்கோ காப்பீட்டுக்கோ தானாகப் போகும் பிடித்தம். அதன் பக்கத்தில் 'ரிட்டர்ன்' என்று இருந்தால், தவணை நாளில் பணம் இல்லாமல் போனதற்கான கட்டணம். புரியாத வரிகளைத் தவிர்த்து விவரத்தோடு பதிவிட வேண்டும் என்று 2017-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. பழக்கம் முழுதாக மாறவில்லை என்பது எந்தப் பாஸ்புக்கைப் புரட்டினாலும் தெரியும்.

மே மாதக் கடைசியில் வரும் இரண்டு வரிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 436 ரூபாய் ஒன்று, 20 ரூபாய் ஒன்று. "என் அனுமதி இல்லாமல் பணம் பிடிக்கிறான்" என்று பலர் சண்டைக்குப் போவது இந்த இரண்டுக்கும்தான். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். இரண்டாவது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம். சம்மதமில்லாமல் சேர்த்திருந்தால் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லலாம், அது உரிமை. ஆனால் இதன் மறுபக்கம்தான் கொடுமை. கட்டட வேலைக்குப் போன ஒருவர் சாரம் சரிந்து இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாஸ்புக்கில் 436-ம் 20-ம் பற்று வைக்கப்பட்டிருந்தால், இரண்டு திட்டங்களிலும் சேர்த்துக் குடும்பத்துக்கு வர வேண்டியது 4 லட்சம். அந்த இரண்டு வரிகளை யாரும் படிக்காவிட்டால் ஒரு பைசாவும் வராது, ஏனென்றால் கோரிக்கைப் படிவத்தைக் குடும்பம்தான் கிளையில் கொடுக்க வேண்டும். இறப்பு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இறந்தவரின் பாஸ்புக்கில் போன மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பார்ப்பது.

அடுத்து ஏ.டி.எம். இயந்திரம் கடகடவென்று எண்ணுகிற சத்தம் கேட்கிறது, பணம் வெளியே வரவில்லை, குறுஞ்செய்தி மட்டும் வந்துவிடுகிறது. 2019-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, அந்தப் பணம் 5 நாளுக்குள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்டால்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும். பதினைந்தாம் நாள் பணம் திரும்புகிறது என்றால் கூடவே 1,000 ரூபாயும் வர வேண்டும். அசல் வந்ததே பெரிது என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்கும் போகாமல் நம் கணக்கிலும் இல்லாமல் தொங்கினால் கெடு ஒரே நாள். கடைக்குச் செலுத்தியதென்றால் 5 நாள்.

மோசடி விஷயத்தில் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதற்கு 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. தவறு வங்கி மேல் என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. வங்கி மேலும் தவறில்லை, வாடிக்கையாளர் மேலும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை, அடிப்படைக் கணக்கில் 5,000 ரூபாய்வரை நாம் ஏற்க வேண்டியிருக்கும். 7 நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் சர்ச்சைக்குரிய தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. வாடிக்கையாளர்தான் தப்புச் செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது.

ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால்? அதுவரை போன பணம் நம் தலையில். ஆனால் புகார் செய்த நிமிடத்துக்குப் பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் புழுங்குவதில் அர்த்தமே இல்லை. வங்கியின் எண்ணுக்கும் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கும் கையோடு பேச வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று நிமிடக் கணக்கில் தாவும். தாவும் வழியில் எங்காவது முடக்கினால்தான் மிச்சம். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணும் நேரமும் இல்லையென்றால் '3 நாளுக்குள் சொன்னேன்' என்பதை எப்படிக் காட்டுவது?

அப்படித் தாவுவதற்குக் கணக்குகள் எங்கிருந்து கிடைக்கின்றன? கல்லூரி மாணவர்களிடமிருந்தும் வேலை தேடுபவர்களிடமிருந்தும். "உன் கணக்கைக் கொடு, மாதம் கொஞ்சம் தருகிறேன்" என்று கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொள்கிறார்கள். போலீஸ் வரும்போது கதவைத் தட்டுவது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான்.

காசோலைக்கு வருவோம். 2012 ஏப்ரல் முதல் அதன் ஆயுள் 3 மாதம்தான். அதற்கு முன் 6 மாதம். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு 'கணக்கில் மட்டும்' என்று எழுதினால் யாரும் அதைக் கவுன்டரில் ரொக்கமாக மாற்ற முடியாது. தமிழில் எழுதலாம், தமிழில் கையெழுத்தும் போடலாம். கீழே உள்ள வெள்ளைப் பட்டையில் பேனாவோ ஸ்டாப்லர் பின்னோ படக் கூடாது. இயந்திரம் படிக்கும் இடம் அது. அங்கே முதல் 6 இலக்கம் காசோலை எண். அடுத்த 9 இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னை என்றால் 600 என்று தொடங்கும்.

ஆபத்து வெற்றுக் காசோலையில் இருக்கிறது. வட்டிக்குப் பணம் வாங்கும்போது 'சும்மா செக்யூரிட்டிக்கு' என்று கையெழுத்து மட்டும் போட்ட காசோலைகளைக் கேட்பது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடக்கிறது. தேதியும் தொகையும் பின்னால் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். "நான் தொகை எழுதவில்லையே" என்ற வாதம் கோர்ட்டில் எளிதில் எடுபடாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையைப் பெற்றவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி இல்லை என்று காட்டுவது கையெழுத்துப் போட்டவர் பாடு. காசோலை திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பெற்றவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. மறுத்தாலும் சேர்ந்ததாகவே கொள்வார்கள். கந்துவட்டிக்காரர் என்றால் அதற்கு 2003-ம் ஆண்டுத் தமிழகச் சட்டம் தனியாக இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் எத்தனை காசோலை, எந்த எண், என்றைக்குக் கொடுத்தது என்ற விவரம் கையில் வேண்டும். காசோலைப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அதற்கென்றே கட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

நாமினி குறித்து நம்மிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அப்பா மூத்த மகன் பெயரை நாமினியாக எழுதிவிட்டார், ஆகவே பணம் மூத்தவனுக்கே என்று அண்ணன் சொல்வார். தங்கைகளும் நம்பி ஒதுங்கிவிடுவார்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமையுள்ளவர், அவ்வளவே. அந்தப் பணம் சட்டப்படியான வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்தது. 2010-ல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயமில்லாமல் சொன்னது. ஒருவருக்கே போகட்டும் என்று நினைப்பவர் உயில் எழுத வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர்வரை நாமினி போடலாம். ஒரே சமயத்தில் நால்வருக்கும் என்றால் ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று குறிப்பிட வேண்டும். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். நாமினி பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா என்று வங்கி அலைக்கழிக்கக் கூடாது. ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். அதுவரை பொறுக்காமல் இறந்தவரின் கார்டை வைத்து ஏ.டி.எம்மில் எடுப்பது சாதாரணமாக நடக்கிறது. பங்காளித் தகராறு என்று வந்தால், எடுத்தவரின் முகம் கேமராவில் இருக்கும்.

2 ஆண்டு தொடாமல் விட்ட கணக்கு செயலற்றதாகிவிடும். 10 ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்குப் போகும். போனாலும் உரிமை போகாது. எத்தனை காலம் கழித்தும் வங்கியிடம் கேட்டு வாங்கலாம். தாத்தா எங்கே போட்டுவைத்தார் என்றே தெரியாதவர்கள், 2023-ல் தொடங்கிய 'உத்கம்' என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். செயலற்ற கணக்கை மறுபடி திறக்கக் கட்டணம் கிடையாது.

வங்கியே திவாலானால் அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. அதே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். 2020-க்கு முன் இது 1 லட்சமாக இருந்தது. 2019-ல் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று முடக்கியபோது எழுந்த கூக்குரலுக்குப் பிறகே உயர்ந்தது. இந்தக் காப்பீடு 'நிதி' நிறுவனங்களுக்குக் கிடையாது. மயிலாப்பூரில் 1872-ல் தொடங்கிய நிதி நிறுவனம் ஒன்றில் பணம் போட்ட முதியவர்கள் 2024-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸின் வாசலில் நிற்க நேர்ந்தது. வங்கிக்குள்ளேயே நடக்கும் ஏமாற்று வேறு வகை: டெபாசிட் போட வந்தவரிடம் காப்பீட்டுப் பாலிசியைத் தள்ளிவிடுவது. வீட்டுக்கு வந்த காகிதத்தில் 'பிரீமியம்' என்ற சொல் இருந்தால் அது டெபாசிட் ரசீது அல்ல. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும்.

இவற்றில் எதற்கானாலும் புகார் முதலில் வங்கிக்குத்தான், அதுவும் எழுத்தில். கிளையில் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம்; சொல்லப்போனால், வக்கீல் மூலம் வரும் புகாரை ஏற்கவே மாட்டார்கள். அதே விஷயத்துக்காக ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்குப் போட்டிருந்தால் குறைதீர்ப்பாளர் அதைத் தொடமாட்டார். ஆகவே எங்கே போவது என்பதை முதல் மனுவை எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.