பழைய ஹெரால்டும் பந்தயத் தடமும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. போர் முடிந்தபின் விமானங்கள் வராத அந்த ஓடுபாதையில் கார்கள் பறந்தன. 1953ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயங்கள் நடத்தியது. 1990ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைந்த பிறகு சோழவரம் நினைவாகிவிட்டது.

சோழவரத்தில் ஓடியவை எல்லாம் கப்பலில் வந்த பந்தயக் கார்கள் என்று எண்ண வேண்டாம். நம் தெருக்களில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு ஆகியவையும் அங்கே ஓடின. இவற்றுள் ஹெரால்டு தனி வகை. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதைச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இருவர் அமரும் திறந்த கூட்டைப் பொருத்தி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. இரண்டின் வடிவத்தையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஆகவே வீட்டில் பழைய ஹெரால்டு வைத்திருப்பவர், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூட்டையே வைத்திருக்கிறார் எனலாம்.

எங்கள் செஞ்சி வட்டாரத்தில், அவலூர்பேட்டையில், ஒரு வீட்டுக் கொட்டகையில் வைக்கோல் போரை ஒட்டி அப்படி ஒன்று நிற்கிறது. உரிமையாளரின் பேரன் என் மாணவர். அதைச் சீர்செய்து செஞ்சிக்கு அன்றாடம் ஓட்டிவர வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. "சார், முதலில் எஞ்சினில் என்ன செய்யலாம்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் எஞ்சின் கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று பார்ப்போம்.

ஹெரால்டின் எஞ்சின் 948 கன செ.மீ. கொள்ளளவு உடையது. நான்கு உருளைகள், ஒவ்வொன்றின் விட்டம் 63 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 76 மி.மீ. வலிமை சுமார் 35 குதிரைத்திறன். அதிக வலிமை வேண்டுமானால் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிட வேண்டும். இங்கேதான் சிக்கல். பிஸ்டன் மேலே போய், நின்று, மீண்டும் கீழே வருகிறது. அப்படித் திரும்பும் இடத்தில் அதன் முடுக்கம், சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். கிராங்கின் ஆரம் 38 மி.மீ. என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 4,500 சுற்றில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 860 மடங்கு. 6,000 சுற்றில் அது 1,500 மடங்கைத் தாண்டிவிடும். சுற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. இணைப்புத் தண்டை இழுக்கும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! இந்த எஞ்சினின் கிராங்குத் தண்டைத் தாங்கும் முதன்மைப் பேரிங்குகள் மூன்றே மூன்று. அறுபது வயதான உலோகத்திடம் இதைக் கேட்பது முறையன்று.

அப்படியே வலிமையைக் கூட்டினாலும், அந்த வேகத்தை அடக்க என்ன இருக்கிறது? பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக்கும் கருவி; வேறொன்றுமில்லை. ஓட்டுநரோடு கார் 900 கி.கி. எனக் கொள்வோம். மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,80,000 ஜூல். நான்கு டிரம்களின் இரும்பும் சேர்ந்து 16 கி.கி. என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நிறுத்தும்போது டிரம்களின் வெப்பநிலை சுமார் 38 டிகிரி ஏறும். நம் சாலையில் இது ஒரு பொருட்டே அல்ல. அடுத்த மாட்டு வண்டியோ, வேகத்தடையோ வருவதற்குள் டிரம் ஆறிவிடும். பந்தயத் தடத்தில் அப்படியில்லை. ஒரே சுற்றில் பல வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அழுத்தமான பிரேக். ஆறுமுன்னே அடுத்த சூடு ஏறுகிறது. சில சுற்றுகளிலேயே 250 டிகிரியை எட்டிவிடலாம்.

அப்போது மூன்று கேடுகள் ஒன்றாக வரும். லைனிங்கின் உராய்வு குறைகிறது. அடுத்து, டிரம் விரிகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு 250 டிகிரி சூட்டில் அரை மி.மீ. அளவுக்கு விரிந்து லைனிங்கை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே இறங்கும். டிஸ்க் பிரேக்கில் தகடு சூட்டில் தடித்து லைனிங்கை நோக்கியே வருவதால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது கேடு பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம் அல்லவா? மிதித்த பெடல் பஞ்சு போல் தரையில் படிந்துவிடும். நம் கடற்கரை மாவட்டங்களின் ஈரக்காற்றில் இந்த எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றுவது நல்லது. தடத்துக்குப் போகிறவர் டாட் 4 வகையைப் புதிதாக ஊற்றிக்கொண்டு போக வேண்டும். இயன்றால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். ஸ்பிட்ஃபயருக்கு அதுதான் இருந்தது, ஒரே குடும்பமாதலால் அதைப் பொருத்துவதும் எளிது.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூவின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொட்டகையில் பத்தாண்டு நின்ற டயரில் பூ இருக்கும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உராய்வெண் 0.7 என்றால் மணிக்கு 60 கி.மீ. வரை போகலாம், 0.85 என்றால் 65க்குச் சற்று மேல். எஞ்சினில் கைவைக்காமலே கிடைத்த வேகம் இது.

இனி, இந்தக் காருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்கிறேன். முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை வெண்கலத்துக்குள் சுழல்கிறது. இதற்கு ஊற்ற வேண்டியது கிரீஸ் அன்று. கியர் எண்ணெய், பட்டறையில் "தொண்ணூறு நம்பர் ஆயில்" என்பார்களே அதுதான். மற்ற எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் இதற்கும் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் இடுக்குகளில் முழுதும் பாயாது. நாளடைவில் காய்ந்து வழியை அடைத்துவிடும். கீழே நீர் தேங்கி எஃகு துருப்பிடிக்கும், மெலியும். ஒரு நாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் படுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். கொட்டகையிலிருந்து எழுப்பும் எந்த ஹெரால்டுக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுவே. செலவு அதிகமில்லை, சோம்பல்தான் தடை.

இப்போது பின்சக்கரங்களுக்கு வருவோம். இயற்பியல் மாணவருக்கு இதைவிடச் சுவையான பாடம் இந்தக் காரில் இல்லை.

இரு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கைகளை விரல்கள் வானை நோக்கும்படி நிமிர்த்துங்கள். மணிக்கட்டை மடக்காமல் அப்படியே இறுக்கிக்கொள்ளுங்கள். தோள் ஒரு மூட்டு, கை அச்சுத் தண்டு, உள்ளங்கை சக்கரம். ஹெரால்டின் பின் அச்சு இப்படித்தான் அமைந்தது. நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு இறுகியிருக்கிறது. அதன் இருபுறமும் ஒவ்வொரு மூட்டோடு அரைத்தண்டுகள் ஊசலாடுகின்றன. இனி கைகளைச் சற்றே தாழ்த்துங்கள். உள்ளங்கைகளின் அடிப்பகுதி உடலை நோக்கி உள்ளே வருவதைக் காண்கிறீர்கள். காரின் உடல் மேலே எழும்பினால் சக்கரங்கள் இவ்வாறே அடியில் மடங்கும். அரைத்தண்டு 60 செ.மீ. எனில், உடல் 3 செ.மீ. எழும்பினாலே சக்கரம் ஏறத்தாழ 3 டிகிரி சாய்ந்துவிடும். டயர் தன் விளிம்பில் நிற்கும்; பிடிமானம் குறையும்.

வளைவில் உடல் ஏன் எழும்ப வேண்டும்? தோராயமான எண்களை எடுத்துக்கொள்வோம். வளைவின் வெளிப்புறப் பின்சக்கரத்தின் மேல் 300 கி.கி. பாரம். அந்தச் சக்கரத்தைச் சாலை உட்புறமாகத் தள்ளும் மையநோக்கு விசை 200 கி.கி. எடை அளவு. மூட்டு, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் சக்கரத்திலிருந்து 60 செ.மீ. தொலைவிலும் இருக்கிறது. மூட்டைச் சுற்றித் திருப்புத்திறன் காணுங்கள். பாரம் சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கிறது: 300 × 60 = 18,000. பக்க விசை சக்கரத்தை அடியில் மடக்கப் பார்க்கிறது: 200 × 30 = 6,000. மீதி 12,000 மட்டுமே வில் பட்டைக்கு. அதாவது 300 கி.கி. தாங்க வேண்டிய வில்லுக்கு 200 கி.கி. தாங்குவது போலத் தோன்றுகிறது. பாரம் குறைந்த வில் நிமிர்கிறது, உடல் எழும்புகிறது. உட்புறச் சக்கரத்தில் பக்க விசை உடலைக் கீழே இழுக்கும். ஆனால் அங்கே பாரம் குறைவு, விசையும் குறைவு, ஈடுகட்டாது. எழும்பிய உடலால் மூட்டின் உயரம் 30லிருந்து 33 ஆகிறது. 6,000 என்பது 6,600 ஆகிறது. உடல் மேலும் எழும்புகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வினை!

இதில் மிகக் கொடிய கணம், வளைவுக்குள் அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. எடுத்ததும் பாரம் முன்னே சாயும், பின்பகுதி எழும்பும், சக்கரங்கள் மடங்கும், கார் சுழலும். அச்சம் வரும்போது காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பையே தண்டிக்கும் அமைப்பு நல்ல அமைப்பு ஆகாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் இயலே இவ்வகை அச்சு கொண்ட கார்வேர் காரைப் பற்றியதுதான்.

மாற்று என்ன? எளியது, டிஃபரன்ஷியலுக்கும் அதன்மேல் குறுக்காக உள்ள வில் பட்டைக்கும் இடையே ஒரு கட்டை வைப்பது. வில் உயர்ந்தால் சக்கரம் உயரும், அதாவது உடல் தாழும். 2.5 செ.மீ. தாழ்த்தினால் சக்கரம் 2 டிகிரிக்கு மேல் எதிர்ப்புறம் சாய்ந்து நிற்கும். மடங்குவதற்கு முன் அவ்வளவு இருப்பு. லேத்துப் பட்டறையில் அரைநாள் வேலை. டிரையம்ப் நிறுவனமே 1970இல் ஸ்பிட்ஃபயரில் செய்த மாற்றம் இன்னும் நேர்த்தியானது. பட்டைகளில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் தராசுக்கோல் போல் ஆடவிட்டார்கள். இரு சக்கரமும் ஒன்றாக ஏறினால் முழு வில்லும் எதிர்க்கும். உடல் ஒருபக்கம் சாய்ந்தால் பட்டை தராசாய் ஆடும், எதிர்ப்பு குறையும். எனவே வளைவில் வெளிப்புறப் பின்சக்கரத்தின் மேல் குவியும் பாரமும் குறையும். அந்தப் பங்கை முன்பக்கத்துத் தடித்த சாய்வுத் தடைக்கம்பி ஏற்கும். பெருங்களத்தூர்க்காரர்களோ 1972இல் வந்த கெசல் காரில் ஊசல் அச்சையே விட்டுவிட்டு நேர் அச்சுக்குப் போனார்கள். சொகுசு குறைந்தது, மடங்கும் கதை முடிந்தது.

எரிபொருள் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு பெட்ரோலில் ஈயம் நின்றது. காற்றுக்கு நல்லது, பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கோ, மெத்தை போல் இருந்த ஈயப் படிவு போய்விட்டது. தடத்தின் உயர் சுற்றில் இருக்கைகள் விரைந்து தேயும். ஹெட்டைக் கழற்றும்போது கடினமான எஃகு வளையங்களைப் பதித்துவிட வேண்டும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வேறு. பெட்ரோல் எரியத் தன் எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. பழைய ஜெட் பழைய அளவே எரிபொருள் விடுமாதலால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும்.

சாலைக்கு வேறு கட்டுப்பாடும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அமைத்த அடிப்படைக் கூறுகளை நம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. பதினைந்தாண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். எனவே எதை மாற்றினாலும் முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய மூலப் பாகங்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

தடத்தில் ஓட்டி முடித்ததும் காரை உடனே நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிடுவார்கள் பலர். சூடான டிரம் ஆறுகையில் சுருங்கும். உள்ளே லைனிங் அழுத்திக்கொண்டிருந்தால் வட்டம் கெட்டுப்போகும், அடுத்த நாள் பெடல் துடிக்கும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியபின் கியரில் விட்டு, சக்கரத்தடியில் ஒரு கல் வைத்தால் போதும்.