உள்ளே வந்த பொருளுக்கு வெளியே ஒரு வழி

கள்ளக்குறிச்சிப் பக்கம் வீட்டுக்கு வீடு எழுகிற கேள்வி இது: "தாத்தா காலத்தில் வீடு இதைவிடச் சின்னது, குடும்பம் இதைவிடப் பெரியது. அப்போது இருந்த இடமெல்லாம் இப்போது எங்கே போயிற்று?"

பொருள் கூடிவிட்டது என்பது பாதிப் பதில்தான். அந்த வீடுகளிலும் பொருளுக்குக் குறைவில்லை. சமவெளியில் நெல் நிறைந்த குதிர் இருந்தது. கல்வராயன் மலையில் மூங்கில் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய தொம்பையில் சாமையும் தினையும் இருந்தன. பரணில் பாத்திரம், கொட்டகையில் ஏர், நுகம், கயிறு. ஆனால் அறுவடையில் நிரம்பிய குதிர் அடுத்த அறுவடைக்குள் காலியாகிவிடும். காலியானதும் உள்ளே பெருக்கி, மெழுகி, வெயில் காட்டிப் புதுத் தானியத்துக்குத் தயார் செய்வார்கள். வீட்டிலேயே பெரிய பொருளுக்கு வருடத்துக்கு ஒருமுறை காலியாகும் நாள் இருந்தது. மற்றவையும் அந்த நாளை ஒட்டியே துடைக்கப்பட்டன, பிரிக்கப்பட்டன, கைமாறின.

இன்று வரும் பொருளுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பழைய மிக்ஸி கெட்டால் புதியது வருகிறது, பழையது பரணுக்குப் போகிறது. அதனால் வீட்டை ஒழுங்கு செய்வது என்றால் அழகாக அடுக்கி வைப்பது மட்டுமல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் இருக்க ஓர் இடம், போக ஒரு வழி என்று இரண்டையும் முடிவு செய்வதுதான் உண்மையான வேலை.

எங்கே தொடங்குவது? ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோ 2011-இல் வெளியிட்ட புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அறை அறையாகப் போகாமல் ஒரே வகைப் பொருளை எல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பாருங்கள் என்பது அவருடைய முக்கிய யோசனை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எத்தனை போர்வை இருக்கிறது என்பது எல்லாவற்றையும் ஒரே கட்டிலில் போட்டால்தான் தெரியும். துணியிலிருந்து தொடங்கச் சொல்கிறார் அவர். விவசாய வீட்டில் நான் தானியத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். மற்றப் பொருள்கள் இடத்தை அடைத்துக்கொண்டு மட்டும் கிடக்கும். தானியம் எலியையும் கூட்டி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

ரேஷனில் மாதாமாதம் அரிசி வருகிறது. போன மாதத்து மூட்டை தீராமல் இந்த மாதத்து மூட்டை அதன் மேல் ஏறினால் அடியில் கிடப்பதில் வண்டு வைத்துவிடும். முதலில் வந்தது முதலில் உலைக்குப் போகும்படி புதியதைப் பின்னால் வையுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரம் ஏறாது, பின்னால் கூட்டவும் முடியும். சாமை, தினை, வரகு ஆகியவற்றை உமியோடு வைத்தால் நீண்ட நாள் கெடாது. குத்தி அரிசியாக்கிய பிறகு சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். மலையில் இருப்பவர்கள் இதை அறிந்தே தேவைக்கு மட்டும் குத்துகிறார்கள். டவுனில் சாமை அரிசி வாங்குபவர்களும் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது பரண். நம் வீட்டுப் பரண்களில் தமிழ்நாட்டின் இருபது வருட வரலாறே இருக்கிறது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் அங்கேதான் இருக்கும். அவை வந்த நாளின் மகிழ்ச்சி உண்மையானது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கொடுத்த கை அன்றைக்கு ஓய்ந்தது. அதனாலேயே தூக்கிப் போட மனம் வருவதில்லை. மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஓடுவது, ரிப்பேர் செய்தால் ஓடுவது, இனி ஓடாதது. ஓடுவதைப் புதுக்குடித்தனம் வைத்திருக்கும் உறவினருக்கோ மலையடிவாரத்தில் தேவைப்படும் வீட்டுக்கோ கொடுங்கள். ரிப்பேருக்கு ஒரு மாதம் கெடு வையுங்கள். அதற்குள் கடைக்குப் போகாவிட்டால் அது ஓடாததுதான்.

ஓடாததில் ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை வாசலில் உடைக்க யாரையும் விடாதீர்கள். மின்கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. மறுசுழற்சிக்கான பொறுப்பை அவை உற்பத்தியாளர் மீதே வைக்கின்றன. புதிய டிவி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ மின்கழிவை எப்போது, எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டு அங்கே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது காகிதம். இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். 1993 செப்டம்பர் வரை நாம் தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. ஒரே குடும்பத்தின் பத்திரங்களில் மூன்று மாவட்டங்களின் பெயர் இருக்கும். மாவட்டம் மாறிவிட்டதே என்று பழைய தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடக் கூடாது. மூலப் பத்திரமாக அதைத்தான் கேட்பார்கள்.

மலையில் இது இன்னும் முக்கியம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரும் பழங்குடியினர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். பழைய ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் அதற்குச் சான்றாகும். கிழிந்து, மடிப்பு விட்டுப்போன அந்தக் கார்டு குப்பை அல்ல. ஒரு குடும்பத்தின் நிலம் அதில் இருக்கலாம். சாதிச் சான்று, பிறப்புச் சான்று, பட்டா, பத்திரம் ஆகியவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, ஒரே டிரங்குப் பெட்டியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் ஆலைகளுக்குக் கரும்பு போடுபவர்கள் எடைச் சீட்டைப் பணம் முழுவதும் வந்து கணக்கு நேராகும் வரை தனி உறையில் வைக்கட்டும். நேரான பிறகு அதற்கும் போகும் நாள் வந்துவிட்டது.

நான்காவது, ஆபத்தான பொருள்கள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அடித்தது போக மீந்த பூச்சிமருந்து பல வீடுகளில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதை இன்றைக்கே மாற்றுங்கள். வீட்டுக்கு வெளியே, பூட்டு போட்ட பெட்டியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். காலி டப்பாவைத் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ கழுவி எடுக்கவும் வேண்டாம். ஓட்டை போட்டு ஒதுக்குங்கள். விறகும் செங்கல்லும் படுக்கும் அறையின் சுவரோரம் குவிந்திருந்தால் தள்ளி அடுக்குங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கொல்லையில் கிடக்கும் டயர், தேங்காய்த் தொட்டி, உடைந்த குடம் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

துணிக்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். தை பிறந்து மழையும் பனியும் விட்டதும் எல்லாத் துணியையும் வெயிலில் போடுங்கள். மலை வீடுகளில் ஈரத்தால் பூஞ்சை பிடிப்பது அதிகம் என்பதால் இந்த வெயில் கட்டாயம் தேவை. திருப்பி மடிக்கும்போது, போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை யாரும் உடுத்தாததை மட்டும் தனியே வையுங்கள். நல்லதைக் கொடுக்கலாம், நைந்ததைத் துடைக்கவும் மெத்தைக்குத் திணிக்கவும் வைக்கலாம். அம்மாவின் கல்யாணப் புடவையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நினைவுக்காக வைப்பதற்கு ஒரு பெட்டி இருக்கட்டும். அது நிறைந்தால் எதை எடுப்பது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

போகும் வழி என்றதும் போகி நினைவுக்கு வரும். பிளாஸ்டிக்கையும் டயரையும் அன்று கொளுத்தினால் அந்தப் புகை நம் குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான் போகிறது. போகியைக் கடைசி நாளாக வைத்துக்கொண்டு மார்கழி முதல் வாரமே தொடங்குங்கள். ஒரு வாரம் தானியம், ஒரு வாரம் பரண், ஒரு வாரம் காகிதம், ஒரு வாரம் கொல்லை. இரும்பும் பேப்பரும் காயலான் கடைக்கு, மற்றவை தரம் பிரித்துத் தூய்மைக் காவலரிடம். போகியன்று கொளுத்த எதுவும் மிஞ்சாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவரே ஒதுக்கினால் "அதை எங்கே போட்டாய்?" என்ற கேள்வியும் அவருக்கே வருகிறது. ஆகவே ஏணி மேல் ஏறுபவர் ஒருவர், கீழே வாங்குபவர் ஒருவர், முடிவு எல்லோருடையதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு பொருள் வீட்டுக்கு வரும்போது, அது இருக்கும் இடத்தையும் போகும் வழியையும் வாங்குவதற்கு முன்பே சேர்ந்து பேசிவிடுங்கள். இந்தப் பேச்சு பழகிவிட்டால் அடுத்த மார்கழியில் பரண் வேலை பாதியாகக் குறையும்.