இந்திய சிம்பொனி இசைக்குழு: கச்சேரிப் பருவங்களும் விருந்தினர் கலைஞர்களும்

இந்திய சிம்பொனி இசைக்குழு மும்பையின் நரிமன் முனையில் உள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தில் (என்.சி.பி.ஏ.) இயங்கும் மேற்கத்திய செவ்வியல் இசைக்குழு. 2006-ல் தொடங்கப்பட்டது. சம்பளம் பெறும் நிரந்தரக் கலைஞர்களைக் கொண்ட இந்தியாவின் ஒரே தொழில்முறை சிம்பொனி இசைக்குழுவாக அறியப்படுகிறது. பிப்ரவரி மாதத்தையும் செப்டம்பர் மாதத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு கச்சேரிப் பருவங்களை நடத்துகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் வெளிநாட்டு இசை நடத்துநர்களும் தனி இசைஞர்களும் விருந்தினராக வருகிறார்கள். மேடையில் அமரும் குழுவிலேயே பெரும்பகுதியினர் விருந்தினர்தான் என்பது இந்த இசைக்குழுவின் தனித்தன்மை. அதன் மீதான முதன்மையான விமர்சனமும் அதுவே.

பருவம் என்னும் ஏற்பாடு

தமிழ் வாசகருக்கு இசைப் பருவம் என்றால் மார்கழிதான். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாதெமியும், அதன் தொடர்ச்சியாக டிசம்பர் சீசனும் உருவாயின. அங்கே சபா என்பது ஒரு மேடை மட்டுமே. ஒவ்வொரு கச்சேரிக்கும் பாடகர் மாறுவார், பக்கவாத்தியம் மாறும். பாடகரும் மிருதங்கக்காரரும் மேடையில்தான் முதல்முறையாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றாலும் கச்சேரி நன்றாகவே அமைந்துவிடும்.

சிம்பொனி இசைக்குழுவின் பருவம் இதற்கு நேர்மாறாக அமைந்தது. பருவம் முழுக்க அதே எண்பது, தொண்ணூறு பேர்தான் மேடையில் இருப்பார்கள். மாறுபவர்கள் இருவர் மட்டுமே: நடுவில் நின்று குழுவை வழிநடத்தும் இசை நடத்துநர், முன்னால் அமர்ந்தோ நின்றோ வாசிக்கும் தனி இசைஞர். எந்த நாளில் எந்தப் படைப்பு என்பது பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். புகழ்பெற்ற பியானோ கலைஞர்களின் நாட்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிடுவதால் நிகழ்ச்சி நிரலே பல நேரங்களில் விருந்தினரின் ஓய்வு நாளைப் பொறுத்து எழுதப்படுகிறது.

ஒரு மாலையின் வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் பத்து நிமிட முன்னிசை. அடுத்து விருந்தினர் வாசிக்கும் கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியத்துக்கும் குழுவுக்கும் இடையிலான உரையாடலாக எழுதப்பட்ட படைப்பு. பொதுவாக அரை மணி நேரம். இடைவேளைக்குப் பின் விருந்தினர் இல்லாமல் குழு மட்டும் வாசிக்கும் சிம்பொனி. கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு ஒரு சங்கடம் உண்டு. நல்ல இடம் வந்தால் கை தட்டவோ 'பேஷ்' சொல்லவோ கூடாது. மூன்று, நான்கு பகுதிகள் கொண்ட படைப்பில் ஒரு பகுதி முடிந்து நிசப்தம் வரும்போதும் கை தட்டுவதில்லை. முழுப் படைப்பும் முடிய வேண்டும். தெரியாமல் தட்டிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இந்த வழக்கம் ஐரோப்பாவிலும் பழமையானது அல்ல. பீத்தோவன் காலத்தில் பகுதிகளுக்கு நடுவே கை தட்டுவது இயல்பாக இருந்தது.

தோற்றம்

என்.சி.பி.ஏ. 1969-ல் ஜே.ஆர்.டி. டாடாவின் ஆதரவுடன் ஜம்ஷெத் பாபாவால் நிறுவப்பட்டது. 1980-ல் திறக்கப்பட்ட டாடா அரங்கை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் வடிவமைத்தார். இந்திய இசையை மனதில் வைத்து, கேட்பவர்கள் கலைஞரை நெருங்கி அமரும்படி விசிறி வடிவில் அமைந்த அரங்கு அது. பெரிய இசைக்குழுவுக்கும் ஓபராவுக்கும் வேறு அரங்கு தேவைப்பட்டது. அதற்கெனக் கட்டப்பட்ட ஜம்ஷெத் பாபா அரங்கம் 1997-ல் பணி நடந்துகொண்டிருந்தபோதே தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டு 1999-ல் திறக்கப்பட்டது. சுமார் 1100 இருக்கைகள் கொண்டது. அரங்கு வந்தபின்னும் அதில் வாசிக்கச் சொந்தக் குழு இல்லை.

என்.சி.பி.ஏ.யின் தலைவராக இருந்த குஷ்ரூ சன்டூக், கஜகஸ்தானைச் சேர்ந்த வயலின் கலைஞர் மராட் பிசெங்கலியேவை லண்டனில் கேட்டார். பிசெங்கலியேவ் 1962-ல் பிறந்தவர், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் பயின்றவர், மேற்கு கஜகஸ்தான் பில்ஹார்மோனிக் குழுவை உருவாக்கியவர். அந்தக் குழுவுடன் மும்பைக்கு வரச் சொன்ன அழைப்பிலிருந்து பிறந்ததே இந்திய சிம்பொனி இசைக்குழு. பிசெங்கலியேவ் அதன் இசை இயக்குநரானார். பின்னர் ஸேன் தலால் இணை இசை இயக்குநராகச் சேர்ந்தார்.

மும்பைக்கு இது முதல் முயற்சி அல்ல. 1935-ல் மேலி மேத்தா பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். அவருடைய மகன்தான் நியூயார்க், இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுக்களை நடத்திய சுபின் மேத்தா. பார்சிகள், கோவாக்காரர்கள், போரின்போது அடைக்கலம் தேடி வந்த ஐரோப்பியர்கள் என்று பலரும் சேர்ந்து வாசித்த அந்தக் குழு நிலைக்கவில்லை. கோவா இசைஞர்கள் இந்தித் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போனார்கள். ஐம்பது ஆண்டுகள் இந்தியத் திரையிசையின் வயலின் வரிசையையும் டிரம்பெட்டையும் தாங்கியவர்கள் அவர்களே.

ஏன் இத்தனை விருந்தினர்?

முழு அளவிலான இசைக்குழுவில் முதல் வயலின் பிரிவில் மட்டும் பதினான்கு முதல் பதினாறு பேர் அமர்வார்கள். இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகியவற்றையும் சேர்த்தால் நரம்பு வாத்தியங்களுக்கே அறுபது பேர் வரை தேவை. அதன்பின் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா, தாள வாத்தியங்கள். இசைக்குழுவின் நிரந்தர இந்தியக் கலைஞர்கள் சிறு எண்ணிக்கையினரே. மற்றவர்கள் பருவத்துக்குப் பருவம் கஜகஸ்தானிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வந்து சேர்கிறார்கள்.

கஜகஸ்தானில் இத்தனை இசைஞர்கள் எப்படி என்று கேட்கலாம். சோவியத் ஆட்சி ஒவ்வொரு குடியரசிலும் இசைக்கல்லூரி அமைத்தது. அல்மாட்டியின் குர்மாங்காசி கன்சர்வேட்டரி 1944-ல், உலகப்போர் முடியும் முன்பே தொடங்கப்பட்டது. ஆறேழு வயதில் குழந்தையைத் தேர்ந்து, பொதுப்பள்ளியோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பயிற்றுவிக்கும் முறை அது. இந்தியாவில் அப்படி ஒரு முறை எங்கும் உருவாகவில்லை.

வயலின் நம்மிடம் இல்லையா என்ற கேள்வி தமிழரிடம் இயல்பாக எழும். பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) காலம் தொட்டு அது நம் வாத்தியம். தமிழ்நாட்டில் வயலின் இல்லாத கச்சேரியே அரிது. ஆனால் நாம் எடுத்துக்கொண்டது மரப்பெட்டியையும் வில்லையும் மட்டுமே. தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றி, பாடகரின் சுருதிக்கேற்ப ச-ப-ச-ப என்று தந்திகளைக் கூட்டி, கமகத்துக்காக விரலை இழுத்து வாசிக்கிறோம். இசைக்குழு வயலின்காரர் நாற்காலியில் அமர்ந்து, மாறாத சுருதியில், எதிரே உள்ள தாளைப் பார்த்து, பதினாறு பேரின் வில்லும் ஒரே கணத்தில் ஒரே திசையில் நகரும்படி வாசிக்க வேண்டும். ஒருவர் தனியாகக் கேட்டுவிட்டால் அது பிழை. கர்நாடக வயலின் வித்வானுக்குத் தனியாகக் கேட்பதுதான் பெருமை. கற்பனை ஸ்வரத்தில் திளைக்கும் ஒருவரை அந்த வரிசையில் அமர்த்தினால் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

காற்று வாத்தியங்களில் நிலைமை இன்னும் கடினம். ஓபோவும் பஸூனும் இரட்டை நாணல் சீவாளியில் ஒலிப்பவை, நம் நாதஸ்வரத்தைப்போல. சீவாளியை வாசிப்பவரே சீவிச் செதுக்கிக்கொள்வது வழக்கம். கச்சேரிக்கு முன் ஓபோ தரும் ஒற்றைச் சுரத்துக்குத்தான் மொத்தக் குழுவும் சுருதி சேர்க்கிறது. அந்த ஓபோவை வாசிக்கக் கற்றுத்தரும் ஆசிரியரை இந்தியப் பெருநகரங்களிலேயே தேட வேண்டியிருக்கிறது. மும்பையின் கடற்காற்றும் ஈரப்பதமும் மரவாத்தியங்களுக்கு உகந்தவையும் அல்ல.

2020-ல் கொரோனாவால் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது இந்த அமைப்பின் பலவீனம் வெளிப்படையாகத் தெரிந்தது. அரங்கு இருந்தது, நிரந்தரக் கலைஞர்கள் இருந்தார்கள், ஆனால் முழு அளவில் பருவம் நடத்த ஆள் இல்லை.

விருந்தினர் நடத்துநர்களும் தனி இசைஞர்களும்

இசைக்குழுவை வந்து நடத்தியவர்களில் சார்ல்ஸ் டுத்வா, யூரி சிமனோவ், அலெக்சாந்தர் லாசரெவ், கார்லோ ரிஸ்ஸி, மார்ட்டின் பிராபின்ஸ், ஒகுஸ்தான் டூமே, அல்பேஷ் சௌஹான் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பியானோ கலைஞர்களில் மரியா ஜுவாவ் பிரெஸ், ஸ்டீபன் ஹஃப், ஸ்டீபன் கோவசெவிச், பாரி டக்ளஸ், பெஞ்சமின் குரோவ்னர் ஆகியோர் வாசித்துள்ளனர். 2023 ஆகஸ்டில் சுபின் மேத்தா முதன்முறையாக இந்தக் குழுவை நடத்தினார். தந்தை 1935-ல் தொடங்கி நிலைக்காமல்போன முயற்சியின் ஊரில், எண்பத்தேழு வயதில் மகன் நடத்திய கச்சேரி அது.

விருந்தினர் நடத்துநருக்குக் கிடைப்பது சில நாள் ஒத்திகைதான். பல நாடுகளிலிருந்து வந்து ஒன்றாகப் பழகாத இசைஞர்களை அதற்குள் ஒரே ஒலியாக்க வேண்டும். நிரந்தரக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்துப் பெறும் ஒத்திசைவை இங்கே எதிர்பார்க்க முடியாது. தொடர்ந்து பல பருவங்கள் அதே வெளிநாட்டு இசைஞர்களே திரும்பி வருவதால் அந்தக் குறை ஓரளவு ஈடாகிறது.

பேஷ்கார்

இந்தக் குழு நடத்திய நிகழ்வுகளில் முதன்மையானது 2015 செப்டம்பரில் அரங்கேறிய ஜாகிர் ஹுசேனின் 'பேஷ்கார்'. தபலாவுக்கும் இசைக்குழுவுக்குமான கான்செர்ட்டோ. இசைக்குழுவே அவரைக் கேட்டு எழுத வைத்தது. பேஷ்கார் என்பது தபலா தனியாவர்த்தனத்தின் தொடக்கப் பகுதி. ஒரு சொற்கட்டை நிதானமாக முன்வைத்து, சிறிது சிறிதாக மாற்றி விரித்துச் செல்வது.

இந்திய இசைஞர்கள் மேற்கத்தியக் குழுக்களுக்கு எழுதுவது புதிதல்ல. ரவிசங்கரின் முதல் சிதார் கான்செர்ட்டோ 1971-ல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் வந்தது. இரண்டாவது 1981-ல் சுபின் மேத்தாவின் கீழ் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன். எல். சுப்பிரமணியம் 1985-ல் அதே குழுவுக்கு எழுதினார். அவற்றிலெல்லாம் வீட்டுக்காரர் மேற்கு, விருந்தினர் இந்தியர். பேஷ்காரில் வீடு மும்பையில் இருந்தது.

இத்தகைய படைப்பின் சிக்கல் தாளில் இருக்கிறது. எண்பது பேருக்கு ஒவ்வொரு சுரமும் எழுதித் தரப்பட வேண்டும். தபலாக்காரரோ ஒவ்வொரு இரவும் வேறாக வாசிப்பவர். எங்கே குழு காத்திருக்க வேண்டும், எந்தச் சொற்கட்டு கேட்டால் மீண்டும் நுழைய வேண்டும் என்பதை நடத்துநர் கணக்கு வைத்திருக்க வேண்டும். மிருதங்கத் தனி முடிந்து கோர்வையில் பாடகர் பல்லவியை எடுக்கும் அதே கணக்குத்தான், எண்பது மடங்கு பெரிதாக.

2016 ஜனவரியில் சுவிட்சர்லாந்துப் பயணத்திலும், 2019 பிப்ரவரியில் பிரிட்டன் பயணத்திலும் குழு பேஷ்காரை எடுத்துச் சென்றது. அதற்கு முன் 2010-ல் மாஸ்கோவில் நடந்த உலக சிம்பொனி இசைக்குழுக்கள் விழாவில் குழு வாசித்திருந்தது. 2023-ல் தபலா, சிதார், புல்லாங்குழல் மூன்றுக்குமான இன்னொரு கான்செர்ட்டோவையும் ஜாகிர் ஹுசேன் இக்குழுவுக்கு எழுதினார். 2024 டிசம்பரில் அவர் மறைந்தார். அவரளவுக்கு இரு பக்கமும் அறிந்த ஒருவர் இனி அமைவது எளிதல்ல.

இசைப்பள்ளி

2012-ல் என்.சி.பி.ஏ. வளாகத்திலேயே இசைக்குழு ஒரு இசைப்பள்ளியைத் தொடங்கியது. குழுவின் கலைஞர்களே ஆசிரியர்கள். ரஷ்யப் பயிற்றுமுறையைப் பின்பற்றுகிறது. விமர்சகர்களுக்கு இசைக்குழு தரும் உருப்படியான பதில் இதுதான் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு இசைஞர்களைக் கொண்டு பெயரில் மட்டும் இந்தியாவை வைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் குழுவே இல்லாத ஊரில் பஸூன் கற்க எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். கற்றபின் அமர ஒரு நாற்காலி இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாற்காலி முதலில் வந்தது, உட்காரப் பிள்ளைகள் இப்போது வளர்கிறார்கள். ஒரு இசைஞர் உருவாகப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் முதல் மாணவர்களைக் கொண்டு இதை மதிப்பிடுவது இன்னும் பொறுப்பாகாது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான நிரந்தரக் குழு இல்லை. சென்னையில் 1893-லிருந்து மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இயங்கிவருகிறது. அது முதன்மையாகப் பாடகர் குழு. ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கென சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறது. மற்றபடி இங்கே மேற்கத்திய வாத்தியக் கூட்டிசை வளர்ந்தது தேவாலயங்களிலும் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும்தான். பழனி மலையின் ஆடலூரிலோ பன்றிமலையிலோ வளரும் ஒருவர் முப்பது வயலின்கள் சேர்ந்து ஒலிப்பதை முதலில் கேட்பது தேநீர்க்கடை வானொலியில், இளையராஜா பாடல் ஒன்றின் இடையிசையில்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பு கற்ற இளையராஜா, சென்னையின் ஸ்டுடியோ வயலின்காரர்களிடமிருந்து அந்த ஒலியைப் பெற்றார். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சின்தசைசர் வந்து அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எழுதிய முழு சிம்பொனியை வாசிக்க லண்டன் வரை போக வேண்டியிருந்தது. சென்னையில் அதை ஏற்று வாசிக்கும் நிலையில் சொந்தக் குழு எதுவும் இல்லை.