காதுக்குள் ராடார் பாடுகிறது, தெரியுமா?

வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரில் ஆரஞ்சு நிறத்தில் கனன்றபடி பாட்டைப் பெருக்கித் தருகிறதே ஒரு சின்னக் கண்ணாடிக் குழல், அது பாட்டுக்காகவே பிறந்தது என்றா நினைத்தீர்கள்? கிடையவே கிடையாது!

6ஏகே5 என்ற வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, விமானத்தில் பட்டுத் திரும்பும் மெல்லிய ராடார் சமிக்ஞையைப் பெருக்குவதற்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது அது. இன்று லிட்டில் டாட் மார்க் 3 ஆம்ப்பின் முன்வரிசையில் அதே இனத்து வால்வுதான் உட்கார்ந்திருக்கிறது. 6டிஜே8? அது டெலிவிஷன் ட்யூனருக்கு வந்தது. 6ஏஎஸ்7? அதற்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே இல்லை. பவர் சப்ளையில் வோல்டேஜ் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் உத்தியோகம். 6எஸ்என்7 கதை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அதில் எண்ணிக் கூட்டும் சுற்றுகளில் வேலை பார்த்தது இந்த 6எஸ்என்7! டார்க்வாய்ஸ் 336எஸ்இ ஆம்ப் வைத்திருப்பவர்கள் அதைத் திரும்பிப் பாருங்கள். மேலே நிற்கும் இரண்டு குழல்களில் ஒன்று கணினி வால்வு, இன்னொன்று பவர் சப்ளை வால்வு. இரண்டும் சேர்ந்துதான் உங்களுக்கு வயலின் வாசிக்கின்றன.

பீரங்கிக் குண்டின் மூக்கில் வைத்தும் வால்வைச் சுட்டிருக்கிறார்கள், தெரியுமா? விமானத்தின் அருகே போனதும் தானே வெடிக்கும் குண்டுக்காக, புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கு உதறலைத் தாங்கும் குட்டி வால்வுகளைச் செய்தார்கள். நாம் என்னடாவென்றால் வால்வைத் தபாலில் வரவழைக்கவே பயப்படுகிறோம்.

1976 செப்டம்பர் 6. சோவியத் விமானி விக்டர் பெலென்கோ, மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹக்கோடேட்டில் இறங்கித் தஞ்சம் கேட்டார். அமெரிக்க நிபுணர்கள் விமானத்தைப் பிரித்துப் பார்த்தால், ராடாருக்குள் வால்வுகள்! உலகமே ட்ரான்சிஸ்டருக்கு மாறிவிட்ட காலத்தில்! சோவியத் ராணுவம் வால்வைக் கைவிடாமல் பல்லாண்டு காலம் செய்துகொண்டே இருந்ததால்தான், இன்றைக்கும் அட்டைப்பெட்டி பிரிக்காத ராணுவக் கையிருப்பு சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. வால்வு மாற்றிப் பார்ப்பவர்களின் பர்ஸைக் காப்பாற்றியது பனிப்போர்தான் என்றால் மிகையில்லை. ஒரு குறிப்பு: ரஷ்ய வால்வின் மேல் இருக்கும் எழுத்தை ஆங்கிலம் என்று நினைத்துப் படித்துவிடுகிறார்கள். 6என்13எஸ் என்பதும், கடைகளில் 6எச்13சி என்று விற்பதும் ஒரே சரக்குதான். இரண்டு பெயருக்கு இரண்டு விலை கொடுத்துவிடாதீர்கள்.

சரி, இந்தக் குழலுக்குள் என்னதான் நடக்கிறது? நடுவில் நிக்கல் குழாய், அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு. அதுதான் கேத்தோடு. உள்ளே இருக்கும் ஹீட்டர் அதை 700, 800 டிகிரி செல்சியஸுக்குச் சுடவைக்கிறது. மேசையில் உங்கள் காபி டம்ளருக்குப் பக்கத்தில் 800 டிகிரி! அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் பூச்சிலிருந்து கிளம்பி, வெற்றிடத்தைத் தாண்டி ப்ளேட்டுக்குப் பாய்கின்றன. 1904-ல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்தது இவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையைச் செருகினார். க்ரிட் என்ற அந்த வலை, ஆற்றுக்கு மதகு மாதிரி. ஷட்டரைக் கொஞ்சம் அசைத்தால் வெள்ளமே கூடிக் குறைகிறது. பாட்டின் மெல்லிய மின்னழுத்தம் க்ரிட்டை அசைக்கிறது, ப்ளேட்டில் அது பெரிதாகி வெளியே வருகிறது.

குழலின் உச்சியில் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கிறதே, அது அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தீர்களா? அது பேரியம் உலோகம். தொழிற்சாலையில் குழலை மூடிய பிறகு உள்ளே இருக்கும் ஒரு வளையத்தை வெளியிலிருந்தே தூண்டுமின்சாரத்தால் சுட்டு, அதிலுள்ள பேரியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவிடுகிறார்கள். மிச்சம் மீதி இருக்கும் காற்றையெல்லாம் ஆயுள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பழைய வால்வு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். பளபளப்பு போய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, ஆள் காலி!

இன்னொன்று கேளுங்கள். 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றுக்கும் ஒன்பது பின், மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் பெருக்கும் திறன் முதலாவதுக்கு 100, இரண்டாவதுக்கு 60, மூன்றாவதுக்கு 20-க்குள்! 12ஏயு7 இருந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7-ஐப் போட்டுவிட்டு, "அடேயப்பா, என்ன விவரம், என்ன உயிர்" என்று பூரித்துப்போகிறவர்கள் உண்டு. சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சத்தம் துளி கூடினாலும் காதுக்கு அது 'நன்றாக இருக்கிறது' என்றே படும். வால்யூமைச் சமமாக வைத்துக் கேட்காத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

பின் பொருந்திவிட்டால் வால்வும் பொருந்திவிட்டது என்று நினைத்தால் ஆபத்து! 12ஏஎக்ஸ்7-ன் ஹீட்டருக்கு 4, 5-ஆம் பின்களுக்கு இடையே 12.6 வோல்ட் வேண்டும். இல்லையென்றால் அவை இரண்டையும் இணைத்து, ஒன்பதாம் பின்னுக்கும் அவற்றுக்கும் நடுவே 6.3 வோல்ட் தரலாம். 6டிஜே8-க்கு 4, 5-க்கு நடுவே 6.3 வோல்ட், ஒன்பதாவது வெறும் ஷீல்டு. இப்போது 12.6 வோல்ட் வரும் சாக்கெட்டில் 6டிஜே8-ஐச் செருகினால் ஹீட்டர் பொசுங்கிவிடும். இணைத்துவைத்த சாக்கெட்டில் செருகினால் ஹீட்டர் எரியவே எரியாது, "டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரர் மேல் பழி விழும். மின்னோட்டமும் ஒரு கண்ணி. 6டிஜே8 ஹீட்டர் 365 மில்லி ஆம்பியர் கேட்கும். அதற்கு மாற்று என்று பலர் போடும் ரஷ்ய 6என்1பி கேட்பதோ 600! பாட்டு வரத்தான் செய்யும், ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும்.

ஐரோப்பியப் பெயர்களில் இந்தத் தகவலெல்லாம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா? 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பாவில் இசிசி83 என்று பெயர். 'இ' என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர், இரண்டு 'சி' என்றால் உள்ளே இரண்டு ட்ரையோடு (கேத்தோடு, க்ரிட், ப்ளேட் சேர்ந்த தொகுதி), 8 என்றால் ஒன்பது பின் அடிப்பாகம். ஜாதகமே பெயரில் இருக்கிறது!

இனி வருவதுதான் என்னைக் கேட்டால் பெரிய ஆச்சரியம். வால்வின் 'இதமான' ஓசை என்று சொல்கிறார்களே, அதில் கணிசமான பகுதி வெறும் வகுத்தல் கணக்கு! அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்பின் உள்தடை 120 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் 71 சதவீதம். ஆனால் சென்ஹைசர் எச்டி650 மாதிரி ஹெட்ஃபோனின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பாஸ் பகுதியில் 500 ஓம் பக்கம் ஏறிவிடும். அங்கே மட்டும் 81 சதவீதம் போய்ச் சேரும். ஆக, பாஸ் ஒரு டெசிபல் தூக்கலாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கனத்து ஒலிப்பது அதனால்தான். வால்வில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

அதே ஆம்ப்பில் போனோடு வந்த 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால்? வோல்டேஜில் 21 சதவீதம்தான் மிஞ்சும். உள்தடை மிகக் குறைந்த ஆம்ப்பிலோ தொல்லை வேறு, அவுட்புட் கெப்பாசிட்டர். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 5 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்க விடும். 32 ஓமுக்கு 50 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கிவிடும். இந்தக் குறையை வால்வு மாற்றித் தீர்க்க முயல்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு அதே இடத்தில்தான் நிற்பார்கள்.

கணக்கில் அடங்காத மிச்சமும் இருக்கிறது, மறுக்கவில்லை. தனி ட்ரையோடு உண்டாக்கும் பிசிறில் இரண்டாம் மடங்கு அலைதான் அதிகம். மத்திய ஸ்தாயி சட்ஜத்துக்கு இரண்டு மடங்கு அதிர்வு எது? மேல் ஸ்தாயி சட்ஜம்! மூன்று மடங்கு? அந்த மேல் ஸ்தாயியின் பஞ்சமம்! பிசிறே சுருதியோடு சேர்ந்து வருகிறது. காது அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாததில் என்ன வியப்பு?

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு உலகம் திறக்கிறது. அமெரிக்க பாட்டில்ஹெட் நிறுவனத்தின் 'கிராக்' என்ற கிட்டை வீட்டில் உட்கார்ந்தே கட்டிவிடலாம். வால்வுகள் இரண்டே: 12ஏயு7 ஒன்று, 6080 ஒன்று. அந்த 12ஏயு7-ன் கேத்தோடுக்கு அடியில் ரெசிஸ்டர் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன சிவப்பு எல்இடி இருக்கிறது. வெளிச்சத்துக்கு அல்ல! எல்இடி எரியும்போது அதன் குறுக்கே நிற்கும் வோல்டேஜ் அநேகமாக அசையாது. அந்தக் குணத்துக்காகவே வைத்திருக்கிறார்கள். இந்தக் கிட்டுக்கு 'ஸ்பீட்பால்' என்று ஒரு மேம்பாடும் உண்டு. 12ஏயு7-ன் ப்ளேட்டிலும் 6080-ன் கேத்தோடிலும் உள்ள ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் ட்ரான்சிஸ்டர் சுற்றுகளைப் போடுவது. வால்வு நன்றாகப் பாட ட்ரான்சிஸ்டரின் உதவி! பழமை விரும்பிகள் முகம் சுளிக்கலாம். என் வோட்டு, விலை உயர்ந்த எந்த வால்வையும்விட இந்த மாதிரிச் சுற்று வேலைக்குத்தான்.

வால்வு மைக் மாதிரி கேட்கும் என்பதாவது தெரியுமா? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் குழலை லேசாகத் தட்டுங்கள். 'டிங்ங்' என்று காதுக்குள் மணி அடித்தால், உள்ளே இருக்கும் க்ரிட் அதிர்ந்து அந்த அதிர்வும் சேர்ந்து பெருகுகிறது என்று அர்த்தம். அறையின் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் தெரியாத இந்தக் கோளாறு, காதை ஒட்டி வைத்த ஹெட்ஃபோனில் அப்பட்டமாகத் தெரியும்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணம். முல்லார்ட், ஆம்பெரெக்ஸ், வால்வோ எல்லாமே ஃபிலிப்ஸ் குடும்பம். ஒரே தொழிற்சாலையில் செய்த குழல், வேறு வேறு பெயர் அச்சிட்டு வேறு வேறு நாட்டில் விற்கப்பட்டது. உண்மையான ஊர், கண்ணாடியின் அடியோரம் பொடியாகப் பதிந்த குறியீட்டில் இருக்கிறது. 'பி' என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹேர்லென். டெலிஃபங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு வைர வடிவம் பதிந்திருக்கும். நம் பக்கத்துப் பெங்களூருவும் இந்தப் பட்டியலில் உண்டு! பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. பிஇஎல் முத்திரை போட்ட குழல்களை இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது தெரிந்தால் பரணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் போய்விடுமோ என்று கவலையா? 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தொலைபேசி கேபிளின் பெருக்கிகளில் இருந்தவை வால்வுகள்தான். ஆழ்கடலில் கிடந்தபடி 1978 வரை பேச்சைக் கடத்தின. உயர்தர இ88சிசி வால்வுக்குச் செய்தவர்களே சொன்ன ஆயுள் 10,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் ஒன்பது ஆண்டு ஓடும்.

புது வால்வும் பிறந்துகொண்டுதான் இருக்கிறது! ஜப்பானின் கோர்க், நோரிடாகே ஐட்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து 2015-ல் 'நியூட்யூப்' என்ற தட்டையான வால்வை அறிவித்தது. பழைய விசிஆரில் மணி காட்டிய நீலப்பச்சை எண் பலகை இருக்கிறதே, அதே தொழில்நுட்பம்! ஃபிலமென்டுக்கு 0.7 வோல்ட் போதும். இப்போது சட்டைப் பையில் போகும் ப்ளேயருக்குள்ளேயே இது உட்கார்ந்திருக்கிறது.

மாற்றிப் பார்க்கக் கை பரபரக்கிறதா? முதலில் ஹெட்ஃபோனைக் கழற்றுங்கள், பிறகு சுவிட்சை அணைத்து ப்ளக்கையும் பிடுங்குங்கள். குழல் ஆறட்டும். அடிப்பக்கம் பிடித்து லேசாக ஆட்டி நேராக மேலே இழுங்கள், சாய்த்தால் பின் வளையும். பெட்டியின் அடிமூடியைத் திறப்பதாக இருந்தால் இன்னும் கவனம், கரண்ட் போன பிறகும் கெப்பாசிட்டர்களில் நூறு, இருநூறு வோல்ட் நிற்கும். முதல் முறை வாங்குகிறவர்கள் ஐம்பதுகளின் முல்லார்டைத் தேடி ஓடவேண்டாம். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே புது வால்வோ, பழைய சோவியத் கையிருப்போ ஒரு ஜோடி போதும். மிச்சப் பணத்தில் நல்ல 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்குங்கள்.