வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே

கல்முனையிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், சாய்ந்தமருதைக் கடந்தால் வருவது காரைதீவு, அதற்கப்பால் நிந்தவூர். இவ்வூர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர் இப்பகுதியில் நெற்செய்கை விரிந்தது. எருமைகள் சூடு மிதித்த களங்களில் நாளடைவில் உழவு இயந்திரம் சுற்றிவரலாயிற்று. இன்று அறுவடை இயந்திரம் வயலுக்கே வந்துவிடுகிறது. எனினும், பழைய மெஸி பேர்கசன் இயந்திரங்கள் உழவுக்கும் நெல் ஏற்றுவதற்கும் இன்னும் உழைத்துக்கொண்டே இருக்கின்றன.

இத்தகைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதுப்பித்த பின்னர், பெரும்போக அறுவடைக்கு நடுவில் அது உடையுமாயின் நேரும் இழப்பை விவசாயிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறு உடைவதற்கான காரணங்களுள் ஒன்று, திறந்திருக்கும் வால்வின் முகத்தில் பிஸ்டன் மோதுவதாகும். தண்டு வளைந்த வால்வு பின்னர்ச் சரியாக மூடுவதில்லை. அதன் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தாலோ, பிஸ்டன் துளைபட்டு, சிலிண்டர் ஹெட்டும் பாழாகும்.

பிஸ்டன், வால்வு என்னும் சொற்களைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு 1930களில் முன்னின்று உழைத்த சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் காரைதீவே. ஆயினும் பட்டறையிலே பிஸ்டன் பிஸ்டனாகவே வழங்குகிறது; விளங்குவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

கரையில் நிற்கும் சிறு படகுகளின் எஞ்சின்களுட் பலவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை ஈரடிப்பு எஞ்சின்கள். வால்வுக்குப் பதிலாகச் சிலிண்டர்ச் சுவரில் துவாரங்களே உண்டு. உழவு இயந்திரத்தின் எஞ்சினோ நான்கடிப்பு வகையைச் சேர்ந்தது. எரிபொருள் எரியும் வேளையில் அதன் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால், அப்பொழுது அச்சத்திற்கு இடமில்லை. புகை வெளியேறி முடியும் தறுவாயிலேதான் ஆபத்து இருக்கிறது. வெளியேற்று வால்வு முற்றாக மூடுமுன்பே உள்ளிழு வால்வு திறக்கத் தொடங்குகிறது. இரண்டு கதவுகளும் சிறிது திறந்திருக்கும் அந்த நேரத்திலேதான் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்கிறது.

மேலேறும் பிஸ்டன் வெளியேற்று வால்வைத் துரத்துகிறது. கீழிறங்கும் பிஸ்டனை உள்ளிழு வால்வு துரத்துகிறது. இதனால் உச்சிக்கு ஏறத்தாழ 10 பாகை முன்னர் வெளியேற்று வால்வும், 10 பாகை பின்னர் உள்ளிழு வால்வும் பிஸ்டனை மிக நெருங்கும். மெஸி பேர்கசன் 135இல் பொருத்தப்பட்ட பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 127 மி.மீ. உச்சியிலிருந்து 10 பாகை விலகும்பொழுது அது நகர்ந்திருப்பது ஒன்றேகால் மி.மீ. அளவுதான். பிஸ்டன் இவ்வாறு உச்சியருகே தயங்கி நிற்க, வால்வுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்தச் சந்திப்பு நிமிடத்துக்கு 1000 முறை நிகழும். வில் தளர்ந்துவிட்டால் வெளியேற்று வால்வு உரிய நேரத்தில் விலகாது. ஆகையால் அதற்குச் சற்றுக் கூடுதலான இடம் வேண்டும்.

அப்படியாயின் தாராளமாக இடம் விட்டால் என்ன? பந்தயக் கார்களின் பெட்ரோல் எஞ்சின்களைக் கட்டுவோர் உள்ளிழு வால்வுக்கு 2 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 2.5 மி.மீ. விடுவது பொதுவான வழக்கம். டீசல் எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக அமுக்குவதால் எழும் சூடே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டனுக்கு மேல் வெற்றிடம் கூடினால் அமுக்கம் குறையும். எஞ்சின் காலையில் கிளம்பாது. எனவே இடைவெளி சிறிதாகவே இருக்க வேண்டும். சிறிதாக இருப்பதாலேயே அதன் அளவு திட்டமாகத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

தயாரித்தவர்கள் விட்ட இடைவெளி, பட்டறையில் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. தண்ணீர் வற்றிச் சூடேறியதால் கோணிய ஹெட்டை லேத் பட்டறையில் 0.3 மி.மீ. சீவினார்கள், பிளாக்கின் முகத்தையும் 0.2 மி.மீ. சீவினார்கள், புதிய காஸ்கட் பழையதைவிட 0.1 மி.மீ. மெல்லியது எனக் கொள்வோம். மொத்தம் 0.6 மி.மீ. போயிற்று. வால்வு இருக்கையைப் புதிதாக வெட்டினால் வால்வு உள்ளே அமிழ்ந்து, இழந்த இடத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று கண்மதிப்பில் விடுவதுதான் பெரும்பாலும் நிகழ்கிறது. ஆயின் கண்ணுக்கு 0.6 மி.மீ. புலப்படுவதில்லை.

அளக்கும் முறையோ எளிது. பிஸ்டனின் தலையில், வால்வுகள் வந்து நிற்கும் இடங்களில், பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணைச் சிறு தட்டையாக ஒட்ட வேண்டும். வால்வின் முகத்தில் எண்ணெய் தடவினால் மண் அதில் ஒட்டாது. ஒரு முறை நசுங்கிய, அதே தடிப்புள்ள காஸ்கட்டை வைத்து ஹெட்டை உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். டப்பெட் இடைவெளியை முதலிலேயே சரிசெய்ய வேண்டும். அது குறைந்திருந்தால் வால்வு மேலும் ஆழமாக இறங்கும். பின்னர் எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுப் போதாது. நான்கு அடிப்பும் முடிய இரண்டு சுற்று வேண்டும். எங்கேனும் தடுத்தால் நீண்ட கம்பியைப் போட்டு நெம்பலாகாது. ஹெட்டைக் கழற்றி, மண்ணைச் சவர அலகால் குறுக்கே அறுத்து, மிக மெலிந்த இடத்தை அளந்தால் விடை கிடைத்துவிடும். மண் முற்றும் பிதுங்கி உலோகம் தெரிந்தால் இடைவெளியே இல்லை என்பது பொருள். அளவு கண்டபின் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிடவேண்டும்.

இந்தச் சோதனை மற்றொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். கிராங்குத் தண்டின் பற்சக்கரத்தில் 30 பற்கள் உண்டென்றால், குறி தவறி ஒரு பல் மாறினாலும் வால்வுகளின் நேரம் 12 பாகை பிசகிவிடும். ஆதலால், இடைவெளி மிகக் குறைந்திருந்தால் உடனே ஹெட்டின்மேல் பழி போடாமல், முதலில் பற்சக்கரக் குறிகளைப் பார்ப்பதே முறை.

குறிகள் சரியாயிருந்தும் இடம் போதாவிட்டால், வால்வு இருக்கையைக் கையேடு அனுமதிக்கும் ஆழம்வரை வெட்டலாம். அல்லது கிடைக்குமாயின் தடித்த காஸ்கட் இடலாம். இரண்டும் அமுக்கத்தைச் சிறிது குறைக்கும் என்பதால் மூன்று சிலிண்டருக்கும் ஒரே அளவாகவே செய்ய வேண்டும். அதன்பின் மண்ணைத் துடைத்தெடுத்து, புதிய காஸ்கட்டுடன் ஹெட்டை இறுக்கி, பற்றரியை இணைக்குமுன் எஞ்சின் மீண்டும் ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுற்றப்படுகிறது.